சாவி எங்கே சார்?

வாசகர் கேள்வி–பதில்

நாள் வாடகைக்கு வீடு விடுபவர்களிடமிருந்து கடிதங்கள் சேர்ந்துபோனதால் இந்த முறை முழுக்க அவர்களுக்கே. நாம் நேரில் போகாமல், வருகிறவரே சாவி எடுத்துக் கதவைத் திறந்துகொள்ளும் செல்ஃப் செக்-இன் பற்றித்தான் முக்கால்வாசிப் பேர் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: சார், வருகிறவர்களுக்கு முதல் நாளே விவரமாக மெசேஜ் அனுப்பிவிடுகிறேன். அப்படியும் ராத்திரி பதினொரு மணிக்கு வாசலில் நின்றுகொண்டு "சாவி எங்கே சார்?" என்று போன் பண்ணுகிறார்கள். யாரும் எதையும் படிப்பதே இல்லையா? நான் அனுப்புவது இதுதான்:

"எங்கள் இல்லத்துக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம். நீங்கள் தங்கும் நாட்கள் இனிதாக அமையட்டும். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வந்தால் இடது பக்கம் மூன்றாவது கட்டடம், முதல் மாடி. புகை பிடிக்கக் கூடாது. பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. குப்பையைப் பிரித்துப் போடவும். சாவி வாசலுக்குப் பக்கத்தில் உள்ள பெட்டியில் இருக்கிறது, எண் 4718. சந்தேகம் இருந்தால் தயங்காமல் அழைக்கவும்."

பதில்: தயங்காமல் அழைக்கவும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அழைக்கிறார்கள்! அவர்கள் படித்துவிட்டுத்தான் போன் பண்ணுகிறார்கள். மெசேஜில் உள்ள தகவல் எல்லாமே சரிதான், ஆனால் வீட்டை ஏற்கெனவே பார்த்த ஒருவருக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரி இருக்கிறது. படிக்கிறவரோ ஒரு கையில் சூட்கேஸ், இன்னொரு கையில் போன், தோளில் தூங்கும் குழந்தை, போனில் நாலு சதவீதம் சார்ஜ் என்று இருட்டில் நிற்கிறார். அந்த ஆளுக்காக எழுத வேண்டும்.

வரிவரியாகப் பார்ப்போம். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வந்தால் இடது பக்கம் என்கிறீர்கள். தெருவுக்கு இரண்டு முனை இருந்து, மேப் அவரை அடுத்த முனை வழியாகக் கூட்டி வந்தால் உங்கள் இடது அவருக்கு வலது. மூன்றாவது கட்டடம் என்றால், நடுவில் உள்ள காலி மனையை எண்ண வேண்டுமா கூடாதா? மூலைக் கட்டடத்தின் வாசல் பக்கத்துத் தெருவில் இருந்தால் அதைக் கணக்கில் சேர்ப்பதா? முதல் மாடி விஷயமும் அப்படித்தான். அமெரிக்காவில் தரைத்தளத்தையே ஒன்றாம் தளம் என்று எண்ணுவார்கள், அங்கிருந்து வருகிறவர் படியே ஏறாமல் கீழ் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார். "ஒரு மாடி ஏறுங்கள், ஏறியதும் வலது பக்கக் கதவு" என்று எழுதிவிட்டால் எண்ணுகிற வேலையே இல்லை.

அப்புறம் அந்தப் பெட்டி. பதினொரு மணி போனுக்குக் காரணம் அதுதான் என்று பந்தயமே கட்டுவேன். வாசலுக்குப் பக்கத்தில் மீட்டர் பெட்டி இருக்கும், தபால் பெட்டி இருக்கும், சாவிப் பெட்டியும் இருக்கும். உங்களுக்குப் பெட்டி என்றால் அந்த ஒன்றுதான், அவருக்கு மூன்றும் பெட்டி. டார்ச் அடித்து மீட்டர் பெட்டியை இழுத்துப் பார்ப்பார், தபால் பெட்டிக்குள் கையை விடுவார், கடைசியில் உங்களைக் கூப்பிடுவார்.

ஒரு வரிக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலையைச் செய்ததும் கண்ணில் என்ன படும் என்பதையும் கூடவே சொல்லிவிட்டால், சரியான வழியில்தான் போகிறோம் என்று அவருக்கே தெரிந்துவிடும். உங்கள் வீட்டை நான் பார்த்ததில்லை, அதனால் ஒரு கற்பனை வீட்டுக்கு எழுதிக் காட்டுகிறேன்:

"மேப் காட்டும் இடத்தில் இறங்குங்கள். எதிரே பச்சை இரும்பு கேட், அதன் வலது தூணில் 27 என்ற எண்.

கேட் பூட்டியிருக்காது. கொண்டியைத் தூக்கி உள்பக்கம் தள்ளுங்கள்.

நேராகப் பத்தடி நடந்தால் படிக்கட்டு. லைட் ஸ்விட்ச் இடது சுவரில், தோள் உயரத்தில்.

ஒரு மாடி ஏறுங்கள். வலது பக்கம் பழுப்புக் கதவு, அதுதான் நம் வீடு. எதிரே இருக்கும் வெள்ளைக் கதவு வேறொருவருடையது.

பழுப்புக் கதவுக்கு இடது பக்கச் சுவரில், இடுப்பு உயரத்தில், உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி. அதன் ரப்பர் மூடியை இழுத்தால் நான்கு எண் சக்கரங்கள் தெரியும்.

4 7 1 8 ஆகிய எண்களை வெள்ளைக் கோட்டுக்கு நேராக வைத்து, பக்கத்தில் உள்ள கறுப்புப் பட்டனைக் கீழே தள்ளுங்கள். பெட்டியின் முன்பக்கம் திறக்கும். சாவி உள்ளே.

கதவை உங்கள் பக்கம் லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு சாவியை வலது பக்கம் இரண்டு சுற்று திருப்புங்கள்.

உள்ளே நுழைந்ததும் லைட் ஸ்விட்ச் வலது கைப் பக்கம், வரிசையில் முதலாவது."

கதவை இழுத்துப் பிடிக்கச் சொல்கிற வரியைக் கவனியுங்கள். பழைய கதவு ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு, ஒன்றைத் தூக்க வேண்டும், ஒன்றை முழங்காலால் அழுத்த வேண்டும். தினமும் திறக்கிற உங்கள் கை அதை யோசிக்காமலே செய்துவிடும், அதனால்தான் எழுதும்போது அது விட்டுப்போகிறது. ஒரு தடவை வெளியே போய்ப் பூட்டிவிட்டு, உங்கள் கை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டே மெதுவாகத் திறந்து பாருங்கள். சாவியை முழுக்க நுழைத்த பிறகு ஒரு நூலளவு வெளியே இழுத்துத்தான் திருப்புகிறீர்களா? அதற்கும் ஒரு வரி எழுதுங்கள்.

வரவேற்பும் விதிமுறைகளும் இந்த மெசேஜில் வேண்டாம். சாவி எங்கே என்று தேடுகிறவர் குப்பையைப் பிரிப்பது பற்றி மூன்று வரி தாண்டித்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது கொஞ்சம் அநியாயம்தான். அவர் உள்ளே போய் உட்கார்ந்த பிறகு அதைத் தனி மெசேஜாக அனுப்பலாம், அல்லது மேஜையில் ஒரு தாளாக வைக்கலாம்.

எழுதி முடித்ததும் அந்த வீட்டுக்கு வந்தே இராத ஒருவரிடம் மெசேஜை மட்டும் கொடுத்து, இருட்டிய பிறகு தெருமுனையிலிருந்து தனியாக வரச் சொல்லுங்கள். நீங்கள் பின்னாலேயே போகலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் கஷ்டம். அவர் எங்கே நின்று முழிக்கிறாரோ அங்கே ஒரு வரி குறைகிறது, எங்கே போனை மறுபடி எடுத்துப் பார்க்கிறாரோ அந்த வரி புரியவில்லை.

கேள்வி: மேப்பில் முகவரியைப் போட்டால் பின்பக்கத் தெருவில் கொண்டுபோய் விடுகிறது. லொகேஷன் அனுப்பினாலும் சிலர் அங்கேயே போய் நிற்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முகவரியை வைத்து மேப் தானாகக் குத்துகிற புள்ளி பல நேரம் மனையின் நடுவில் விழும். அந்த நடுப்புள்ளி பின்தெருவுக்குப் பக்கமாக இருந்தால் வழி அங்கேதான் காட்டும். வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு 'இப்போதைய இருப்பிடம்' என்று அனுப்பினாலும் இதே கதைதான். வெட்டவெளியில் போனின் ஜிபிஎஸ் சாதாரணமாக 5 மீட்டருக்குள் சரியாகச் சொல்லும், ஆனால் கட்டடங்களுக்கு நடுவில் அந்தத் துல்லியம் கெட்டுவிடும். எனவே கேட்டுக்கு வெளியே தெருவில் போய் நில்லுங்கள். மேப்பை நன்றாகப் பெரிதாக்கி, கார் வந்து நிற்க வேண்டிய இடத்தில் விரலை வைத்து அழுத்தி, அந்தப் புள்ளியை அனுப்புங்கள். அதே இடத்தில் கூட்டல் குறி போட்ட ஒரு சிறு குறியீடும் தெரியும், அதுதான் பிளஸ் கோட். அது சுமார் 14 மீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத்தைக் குறிக்கும். தெருப் பெயரோ கதவு எண்ணோ ஒழுங்காக இல்லாத இடங்களுக்கு மிகவும் கைகொடுக்கும், அதையும் மெசேஜில் சேர்த்துவிடுங்கள். அனுப்புவதற்கு முன்னால் வேறொருவர் போனில் திறந்து வழி போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு பின்தெருவில் போய் நிற்பவர் இருக்கத்தான் செய்வார். அவருக்காக ஒரு வரி: "சுவரும் குப்பைத் தொட்டியும் மட்டும் தெரிந்தால் நீங்கள் பின்பக்கம் நிற்கிறீர்கள், வந்த வழியே திரும்பி முதல் வலது." தவறான இடத்தில் என்ன தெரியும் என்று யாருமே எழுதுவதில்லை, அதை எழுதிப் பாருங்கள், பாதிப் போன் குறையும்.

கேள்வி: வழியை எல்லாம் வீடியோவாக எடுத்து அனுப்பலாமா? இந்தக் காலத்தில் யார் படிக்கிறார்கள்?

பதில்: அனுப்பலாம், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். வெளிநாட்டிலிருந்து இறங்கியவரிடம் டேட்டா இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும், பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு அந்த நான்கு எண்ணுக்காக வீடியோவை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருப்பது எரிச்சலான வேலை. எழுத்தும் நாலைந்து படங்களும் போதும். படத்தை அவர் நிற்கப்போகிற இடத்தில் நின்று, கண் உயரத்தில் எடுங்கள். பால்கனியிலிருந்து எடுத்த அழகான படம் இதற்கு உதவாது. பகலில் எடுத்த கேட் படம் ராத்திரியில் அடையாளமே தெரியாது, இருட்டில் எடுத்ததையும் ஒன்று சேருங்கள். முக்கியமான எதையும் படத்தின் மேல் மட்டும் எழுதிவிட்டு விடாதீர்கள். எழுத்தாக இருந்தால் அவர் காப்பி செய்து தன் மொழிக்கு மாற்றிக்கொள்வார், கோட் எண்ணைத் தேடி எடுப்பார். "கிளம்புவதற்கு முன் இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடலாம்.

கேள்வி: சாவிப் பெட்டியில் எண் சக்கரம் உள்ளது நல்லதா, பட்டன் அழுத்துவது நல்லதா? ஒரே எண்ணைத்தான் ரொம்ப நாளாக வைத்திருக்கிறேன், பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். போன வருஷம் தங்கிப்போனவருக்கு இன்றைக்கும் உங்கள் வீட்டுச் சாவி எங்கே, எந்த எண் என்று தெரியும் என்பதை யோசித்துப் பாருங்கள். ஒவ்வொருவர் கிளம்பியதும் மாற்றிவிடுவதுதான் முறை. கதவு எண், 1234, கட்டடத்தின் மேல் எழுதியிருக்கும் வருஷம் இவையெல்லாம் வேண்டாம்.

நான்கு சக்கரம் உள்ள பெட்டியில் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள் வரும். கரண்ட் இல்லாமல் இயங்கும் பட்டன் வகையில் நிறையப் பேர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. அவற்றில் பலவற்றுக்கு வரிசை கிடையாது, 4718 என்று வைத்தால் 8174 என்று அழுத்தினாலும் திறந்துவிடும், ஒரே எண்ணை இரண்டு முறை வைக்கவும் முடியாது. அப்படிக் கணக்குப் போட்டால், பத்துப் பட்டனில் நான்கு எண் வைக்கும்போது மொத்தமே 210 சேர்க்கைகள்தான். பொறுமையாக ஒருவர் உட்கார்ந்தால் முடித்துவிடக்கூடிய எண்ணிக்கை. போதாததற்கு, எண்ணை மாற்றாமலே விட்டால் அடிக்கடி அழுத்துப்படும் பட்டன்கள் மட்டும் தேய்ந்து பளபளவென்று காட்டிக்கொடுக்கும்.

பட்டன் வகையில் இருட்டில் அழுத்துவது சுலபம் என்பது உண்மை. அதையே வைத்திருந்தால் மெசேஜில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: முதலில் அழிக்கும் பட்டன், அப்புறம்தான் எண்கள். ஒரு தடவை தப்பாக அழுத்திவிட்டு அழிக்காமலே மறுபடி சரியான எண்ணைப் போட்டால் திறக்காது, எண் தப்பு என்று உங்களிடம் சண்டைக்கு வருவார்கள். சக்கர வகையில் என்றால் எண்கள் எந்தக் கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும் என்று ஒரு படம் போடுங்கள், சாவி எடுத்ததும் மூடிவிட்டுச் சக்கரங்களைக் கலைத்துவிடச் சொல்லுங்கள்.

எண்ணை மாற்றும்போது ஒரு ஜாக்கிரதை. பெட்டியைத் திறந்தே வைத்துக்கொண்டு, புது எண்ணில் பூட்டு விலகுகிறதா என்று இரண்டு மூன்று முறை பார்த்த பிறகு சாவியை உள்ளே வையுங்கள். மாற்றுச் சாவி ஒன்று வேறு இடத்தில், நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டு வைப்பவர்களை என்ன சொல்வது!

கேள்வி: என் வீட்டில் எண் அழுத்தித் திறக்கும் ஸ்மார்ட் லாக். வந்தவர் கோட் வேலை செய்யவில்லை என்கிறார். நான் போய் அழுத்தினால் திறக்கிறது. யார் மேல் தப்பு?

பதில்: தப்பு யார் மேல் என்பதை விட்டுவிடுவோம், வழக்கமாக நடப்பது நாலைந்து விஷயங்கள்தான். பல கீபேடுகள் உள்ளங்கையை வைத்தால்தான் விளக்கு எரிந்து எண்களைக் காட்டும். எண்களுக்குப் பிறகு ஹேஷ் குறியோ டிக் குறியோ அழுத்த வேண்டும், நீங்கள் பழக்கத்தில் அழுத்திவிடுகிறீர்கள், அவருக்கு அது தெரியாது. வருகிறவருக்கென்று தனி கோட் போட்டு மூன்று மணியிலிருந்து செல்லுபடி என்று வைத்திருப்பீர்கள், அவர் இரண்டே முக்காலுக்கு வந்து நிற்பார். உங்கள் நிரந்தர கோட் அப்போதும் திறக்கும் என்பதால் உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. சில தடவை தப்பாக அழுத்தினால் கொஞ்ச நேரத்துக்குப் பூட்டு எதையுமே ஏற்காமல் இருப்பது பல மாடல்களில் உண்டு, அப்போது சரியான எண்ணும் வேலை செய்யாது. "திறக்காவிட்டால் ஐந்து நிமிஷம் காத்திருந்து மறுபடி முயலுங்கள்" என்று எழுதுங்கள், எவ்வளவு நேரம் என்பதை உங்கள் பூட்டின் கையேட்டைப் பார்த்துப் போடுங்கள்.

பேட்டரியையும் மறக்காதீர்கள். எச்சரிக்கை ஒலி கேட்ட பிறகு மாற்றலாம் என்றால், அந்த ஒலி கேட்கும்போது அங்கே இருக்கப்போவது வந்தவர்தான், நீங்கள் இல்லை. பல பூட்டுகளில் கீபேடுக்கு அடியில் இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும், அதில் 9 வோல்ட் பேட்டரியை ஒட்டிப் பிடித்தால் அந்த நேரத்துக்கு உயிர் வந்து கோட் ஏற்கும். உங்களுடையதில் அது இருந்தால் ஒரு பேட்டரியை மாற்றுச் சாவியோடு சேர்த்து வெளியில் வைத்துவிடுங்கள். கதவு சாத்தியதும் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை என்றால் அதைத் தனியாக, தடித்த எழுத்தில் சொல்லுங்கள். குப்பையைப் போட வெளியே வந்தவர், போனும் கோட் எண்ணும் உள்ளே மாட்டிக்கொள்ள, வீட்டு உடையில் வராந்தாவில் நிற்பது சிரிக்கிற விஷயம் இல்லை.

கேள்வி: கோட் எண்ணை எப்போது அனுப்புவது? முன்னாடியே அனுப்பப் பயமாக இருக்கிறது, கடைசி நேரத்தில் அனுப்பினால் அவர் விமானத்தில் இருக்கிறார்.

பதில்: இரண்டாகப் பிரித்துவிடுங்கள். வழி, படங்கள், கதவு எப்படித் திறப்பது, இதெல்லாம் இரண்டு நாள் முன்னாடியே போகட்டும், படித்துவிட்டுக் கேள்வி கேட்க அவருக்கும் நேரம் கிடைக்கும். கோட் மட்டும் அவர் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்குச் சற்று முன். அவர் கிளம்பும் நேரம் என்பதில்தான் விஷயம், உங்கள் ஊர் நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் அவர் ஏற்கெனவே ஆகாயத்தில் இருப்பார். எனவே பயண நேரத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நேரம் எழுதும்போது "12 மணிக்கு மேல் வரலாம்" என்று விடாதீர்கள், பகல் பன்னிரண்டா நள்ளிரவா? தேதியிலும் 3/4 என்று போடாமல் மாதத்தின் பெயரை எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டு அம்மா நல்லவர்தான், ஆனால் என் வீட்டுக்கு வருகிறவர்கள் நேரங்கெட்ட நேரத்தில் அவர் வீட்டு பெல்லை அடிப்பதால் இப்போது என்னிடம் பேசுவதே இல்லை.

பதில்: பேசாமல் இருப்பதோடு விட்டாரே! உங்கள் கதவில் பெயரோ எண்ணோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருட்டிலும் தெரிகிற மாதிரி ஒரு எண் பலகையும், ஆள் வந்தால் தானாக எரிகிற ஒரு விளக்கும் மாட்டுங்கள், எவ்வளவு நன்றாக எழுதினாலும் மெசேஜால் அந்த வேலையைச் செய்ய முடியாது. மெசேஜில் அவர் கதவின் நிறத்தைச் சொல்லி, அந்த பெல்லை அடிக்க வேண்டாம் என்று ஒரு வரி. அதற்குக் கீழேயே, திறக்க முடியாவிட்டால் கூப்பிட வேண்டிய இரண்டு எண்கள், ராத்திரியில் நிஜமாகவே எடுக்கிற எண்கள். போனை யாரும் எடுக்காதபோதுதான் பக்கத்து பெல் அடிக்கப்படுகிறது. அந்த அம்மாவிடம் நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், இதற்கு மெசேஜ் வேண்டாம்.

கேள்வி: வைஃபை பாஸ்வேர்டு கேட்டுத்தான் எனக்கு அதிகம் போன் வருகிறது. எழுதி ஒட்டியும் இருக்கிறேன்.

பதில்: கையெழுத்தில் பூஜ்யமும் ஓ எழுத்தும் ஒரே மாதிரி இருக்கும், ஒன்றும் சின்ன எல்லும் அப்படியே. அந்த எழுத்துகள் இல்லாத பாஸ்வேர்டாக மாற்றிவிடுங்கள், அல்லது க்யூஆர் கோட் அச்சடித்து வையுங்கள், இப்போதைய போன்கள் கேமராவைக் காட்டினாலே இணைந்துகொள்ளும். ஆனால் லேப்டாப் கொண்டுவருகிறவர் இருப்பார், எழுத்திலும் இருக்கட்டும்.

கேள்வி: நான் வீடு விடுகிறவன் இல்லை, போய்த் தங்குகிறவன். கிளம்புவதற்கு முன் என்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?

பதில்: ராத்திரி தாமதமாக வந்தால் வெளி கேட் பூட்டியிருக்குமா, கோட் எந்த நேரத்திலிருந்து வேலை செய்யும், திறக்காவிட்டால் யார் எடுப்பார்கள். இந்த மூன்றும் போதும். பதில் வந்ததும் போனிலும் ஒரு துண்டுத் தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். கூட வருகிறவர் போனுக்கும் ஒரு காப்பி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: கட்டடத்தில் இடம் இல்லாததால் சாவிப் பெட்டியை வெளியே தெருக் கம்பியில் பூட்டி வைத்திருக்கிறேன். பிரச்சினை வருமா?

பதில்: வரும். பொது இடத்துக் கம்பியில் மாட்டிய பெட்டியை அறுத்து எடுத்துப்போக உள்ளூர் நிர்வாகத்துக்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை. பாரிஸ் நகரம் 2025 ஜனவரியிலிருந்து தெருவில் இப்படி மாட்டுவதைத் தடை செய்துவிட்டது. இத்தாலியில் உள்துறை அமைச்சகம் 2024 நவம்பரில், தங்க வருகிறவரை நேரில் பார்த்துத்தான் அடையாளம் சரிபார்க்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட, அது நீதிமன்றம் வரை போனது. உங்கள் ஊர் விதியையும் கட்டடச் சங்கத்தின் விதியையும் விசாரித்துக்கொள்ளுங்கள். அதுவரை பெட்டி உங்கள் சொந்தச் சுவரில், தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத பக்கத்தில் இருக்கட்டும். இடம் மாற்றினால் மெசேஜையும் படத்தையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்து வருகிறவர் தெருக் கம்பியைத் தடவிக்கொண்டு நிற்பார்.